பாட்டைப் பாட்டத்துக்கு விடுங்கள், கிரயம் வேண்டாம்

கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்ப் பக்கமிருந்து ஒன்பது பக்கத்துக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. எழுதியவருக்கு 29 வயது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, மீதியைச் சுருக்கித் தருகிறேன்.

அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். மகன் பொறியியல் படித்து, திருவனந்தபுரத்தில் நான்கு வருடம் ஐ.டி. வேலை பார்த்து, இரண்டு வருடத்துக்கு முன் அதை விட்டிருக்கிறார். இப்போது மொட்டைமாடியில் பத்துக்கு எட்டு அறை ஒன்றுதான் ஸ்டுடியோ. சுவரில் பழைய மெத்தை, மேலே தகரக் கூரை. மைக்கும் மற்ற சாமான்களும் வாங்க அம்மாவின் வளையல் 80,000 ரூபாய்க்கு அடகில் இருக்கிறது. மழை விழுந்தால் பதிவு நின்றுவிடும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் இது சின்னத் தொந்தரவு இல்லை. மழை விட்ட ராத்திரிகளில் விடிய விடிய உட்கார்ந்து 11 சொந்தப் பாட்டுகளை முடித்திருக்கிறார். நான்குக்கு வரிகள் எழுதியவர் நண்பரான ஒரு பள்ளி ஆசிரியர். வேறு இரண்டில் வில்லுப்பாட்டு ஆசான் ஒருவர் பாடியிருக்கிறார். மூன்றை ஒரு பெண் பாடியிருக்கிறார், அவருக்குப் பாட்டுக்கு 2,000 ரூபாய் இவர் கொடுத்தாராம். மீதி இரண்டில் எழுத்தும் குரலும் இவருடையவை. மெட்டு எல்லாவற்றுக்கும் இவர்.

சென்னையிலுள்ள ஓர் ஆடியோ நிறுவனம் 11 பாட்டையும் ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் கேட்கிறது. இரண்டே கால் பக்க ஒப்பந்தம் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. பதினைந்து நாளில் கையெழுத்துப் போடாவிட்டால் விட்டுவிடுவோம் என்று போனில் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் பெண் பார்க்கிறார்கள். போன இடத்திலெல்லாம் “பையனுக்கு மாசம் என்ன வரும்?” என்று கேட்க, அப்பாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கையெழுத்துப் போடலாமா, பாட்டை வைத்தே பிழைக்க முடியுமா, பழைய வேலைக்கே போய்விடட்டுமா என்று கேட்கிறார். தேவாலயப் பங்குத் திருவிழாவில் தன் பாட்டைப் போட்டுவிட்டுக் காசு தரவில்லை என்ற மனக்குறையும் நடுவில் இருக்கிறது.

தம்பி,

நான் வக்கீல். உங்கள் பாட்டு ஓடுமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நீங்கள் அனுப்பிய இரண்டையும் கேட்டேன். ஆசான் பாடியதை மூன்று முறை கேட்டேன். அதற்கு மேல் அபிப்பிராயம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்த ஒப்பந்தத்தை நான்கு முறை வாசித்தேன், அதைப் பற்றிப் பேசலாம்.

நம்மூரில் ஒற்றி, பாட்டம், கிரயம் என்றால் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, விட்ட வயல் காலம் முடிந்ததும் திரும்பி வரும். கிரயம் எழுதிவிட்டால் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான். உங்களிடம் கேட்கப்படுவது கிரயம். அதை நீங்கள் “பாட்டு கொடுக்கிறேன்” என்று மென்மையாக எழுதியிருக்கிறீர்கள்.

ஒரு பாட்டில் மூன்று சொத்து

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தைப் பொறுத்தவரை ஒரு பாட்டு ஒரே பொருள் அல்ல. வரிகள் இலக்கியப் படைப்பு. மெட்டும் இசையமைப்பும் இசைப் படைப்பு. பதிவான ஒலி மூன்றாவது. மூன்றுக்கும் மூன்று பேர் உடைமைக்காரராக இருக்கலாம். ஒலிப்பதிவில், முன்னின்று பொறுப்பெடுத்துச் செய்தவரே தயாரிப்பாளர். முதல் உரிமை அவருக்கு. உங்கள் அறை, உங்கள் மைக், உங்கள் அம்மாவின் வளையல். எனவே 11 ஒலிப்பதிவும் உங்களுடையவைதான், மெட்டுகளும் அப்படியே. ஆனால் நான்கு பாட்டின் வரிகள் வாத்தியாருடையவை.

“அவன் என் நண்பன், ஒன்றும் சொல்ல மாட்டான்” என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, இன்றைக்குச் சொல்ல மாட்டார். இருந்தாலும் அவர் எழுதித் தராமல் அவர் வரிகளை நீங்கள் இன்னொருவருக்கு விற்க முடியாது. உரிமை மாற்றம் எழுத்தில், கொடுப்பவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. இதற்குப் பத்திரப்பதிவு ஆபீஸுக்கெல்லாம் போக வேண்டாம். எந்தப் பாட்டு, வரிகள் யார், மெட்டு யார், வருகிற பணத்தில் யாருக்கு எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு, எந்தெந்த நாட்டுக்கு என்று தமிழிலேயே எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். காலம் எழுதாமல் விட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் எழுதாமல் விட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும்.

பல வருடத்துக்கு முன் ஒரு வில்லுப்பாட்டுக்காரர் என்னிடம் வந்தார். அவர் கேசட் காலத்தில் பாடிக்கொடுத்ததை விற்ற இன்னொருவர், “எல்லாம் எழுதி வாங்கிட்டேன்” என்று சாதித்துக்கொண்டிருந்தார். அந்தக் காகிதத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தால், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீது. ‘பாட்டுக்கான பணம் ரூ. 3,000 பெற்றுக்கொண்டேன்’ என்று ஒரே வரி. பணம் வாங்கியதற்கு அது சாட்சிதான், உரிமை கொடுத்ததற்கு அதில் ஒரு எழுத்துகூட இல்லை. கோர்ட்டுக்குப் போகாமலே பேசி முடித்தோம். எதிர்த் தரப்பு “எழுதி வாங்கிட்டோம்” என்று சொன்னால், அந்த எழுத்தைப் பார்க்காமல் பயப்பட வேண்டாம்.

பிரிக்காத கவர்

பாட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றி, உங்களுக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தக் கவரைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறீர்கள். காப்பிரைட் வாங்கியாகிவிட்டது என்று நம்புகிறீர்கள். என்னிடம் வருகிற பாட்டுக்காரர்களில் பாதிப்பேர் இதைச் சொல்கிறார்கள். நம் சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. பாட்டை எழுத்திலோ ஒலியிலோ உருவாக்கியபோதே பதிப்புரிமை வந்துவிட்டது, தபால்காரருக்கு அதில் வேலையில்லை. தகராறு வந்தால் முதலில் செய்தவர் நீங்கள்தான் என்று காட்டச் சாட்சி வேண்டும். மெட்டை முணுமுணுத்துப் போனில் பதிந்தது, புராஜெக்ட் ஃபைல்கள், தனித்தனி டிராக்குகள், வாத்தியாருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் அந்தக் கவரைவிட நூறு மடங்கு பேசும். அவற்றை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயம் இல்லை. செய்தால் அந்தப் பதிவு நீதிமன்றத்தில் முதல்நிலைச் சாட்சியாக நிற்கும். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். வரிகளுக்கு 500, இசைக்கு 500, ஒலிப்பதிவுக்கு 2,000 என ஒரு பாட்டுக்கு 3,000 ரூபாய் ஆகும். பதினொன்றுக்கும் என்றால் 33,000. அந்தப் பணத்துக்கு உங்கள் கூரைக்கு உள்ளே நல்ல சீலிங் போடலாம். இப்போதைக்கு ஆசான் பாடிய இரண்டை மட்டும் பதியுங்கள்.

அந்த இரண்டே கால் பக்கம்

இரண்டாம் பத்தி: ‘உலகம் முழுவதும், என்றென்றும், இப்போதுள்ள மற்றும் இனி வரப்போகும் எல்லா வடிவங்களிலும்’. வரிகளுக்கும் மெட்டுக்கும் பதிப்புரிமை ஆயுள், படைத்தவர் காலமான பிறகும் 60 ஆண்டு. நீங்கள் எண்பது வயதுவரை இருந்தால் இந்த மெட்டு நூற்றுப் பத்து வருடத்துக்கு மேல் சம்பாதிக்கக்கூடிய சொத்து. அதைப் பாட்டுக்கு 13,636 ரூபாய்க்குக் கேட்கிறார்கள். இன்னும் உருவாகாத வடிவங்களைப் பெயர் சொல்லாமல் பொத்தாம்பொதுவாக எழுதி வாங்கினால் அது செல்லாது என்று வாதிட 18ஆம் பிரிவில் இடமிருக்கிறது. ஆனால் வாதிடுவதற்கு வக்கீல் பீஸ் ஆகும், தம்பி.

மூன்றாம் பத்தியை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். கையெழுத்தின்போது 40,000, மீதி 1,10,000 ‘வெளியீட்டுக்குப் பிறகு’. வெளியீடு எப்போது என்று எங்கேயும் இல்லை. அவர்கள் வெளியிடாமலே வைத்திருந்தால்? ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய, வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்று சட்டம் சொல்கிறது. உங்களுக்கு அது கைகொடுக்கும். கையில் 40,000 ரூபாயும் வீணாய்ப் போன ஒரு வருடமும் மிஞ்சும்.

ஏழாம் பத்தி ‘இனி எந்த ராயல்டியும் கோரமாட்டேன்’ என்கிறது. இங்கே உங்கள் பக்கம் பலம் இருக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஒலிப்பதிவில் சேர்ந்த வரிகளையும் இசையையும் படைத்தவர், உரிமையை வாங்கியவரோடு சமமாக ராயல்டி பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் தவிர வேறு யாருக்கு எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. ஆனால் இந்தப் பாதுகாப்பு வரிகளுக்கும் மெட்டுக்கும்தான். ஒலிப்பதிவின் சொந்தக்காரர் என்ற முறையில் வருவதை விற்றால், விற்றதுதான்.

ஒன்பதாம் பத்தியில் எல்லா வழக்கும் சென்னையில்தான் என்கிறார்கள். பதிப்புரிமை மீறலுக்கு, உரிமை உள்ளவர் தான் குடியிருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடச் சட்டம் சலுகை தருகிறது. நாகர்கோவிலில் பஸ் இறங்கி நடந்து போய்ப் பார்க்கக்கூடிய கேஸுக்கு, வாய்தாவுக்கு வாய்தா கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறும்படி எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்?

விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வளையல் அடகில் இருக்கும்போது ஒரேயடியாக வரும் பணத்துக்கு மதிப்பு உண்டு. நீங்களே எழுதிப் பாடிய இரண்டு பாட்டை வேண்டுமானால் நல்ல விலைக்குக் கொடுங்கள், பணம் முழுதும் கையெழுத்தன்றே. மற்றவற்றுக்கு இப்படிக் கேட்டுப்பாருங்கள்: ஐந்து வருட உரிமம், டிஜிட்டல் தளங்களுக்கு மட்டும், ஆறு மாதத்துக்குள் வெளியீடு, வருமானத்தில் பங்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, எல்லா இடத்திலும் உங்கள் எல்லோர் பெயரும். முன்பணம் குறையும், அதை எதிர்பார்த்தே பேசுங்கள். அவர்கள் போய்விடவும் கூடும். போனால் உங்கள் பாட்டு உங்களிடமே இருக்கும், பதினைந்து நாள் கெடுவும் அவர்களோடு போய்விடும்.

எட்டு விநாடிச் செண்டை

ஐந்தாம் பத்தியை வேண்டுமென்றே தள்ளிவைத்தேன். ‘எல்லாம் என் சொந்தப் படைப்பு. மூன்றாம் நபர் உரிமை கோரினால் இழப்பு முழுவதையும் நானே ஈடுகட்டுவேன்’ என்று நீங்கள் உறுதி தருகிறீர்கள். அதே நேரத்தில் கடிதத்தின் ஆறாம் பக்கத்தில், கேரளக் கோயில் உற்சவ வீடியோ ஒன்றிலிருந்து எட்டு விநாடிச் செண்டையை வெட்டி எடுத்துப் போட்டதாகவும், யூடியூபில் உரிமைக் கோரிக்கை வந்து வருமானம் அந்தப் பக்கம் போகிறது என்றும், “முப்பது விநாடிக்குக் குறைவாக எடுத்தால் தப்பில்லையே” என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

முப்பது விநாடிச் சலுகை என்று சட்டத்தில் ஒன்று கிடையாது. ஏழு விநாடியும் கிடையாது. அடுத்தவர் ஒலிப்பதிவிலிருந்து அனுமதியில்லாமல் வெட்டி எடுத்தால் மீறல் என்று கோர இடம் கொடுக்கிறீர்கள். அந்தக் கோரிக்கையை எதிர்த்து டிஸ்ப்யூட் போடாதீர்கள். நியாயம் அந்தப் பக்கம். வீடியோவை எடுத்துவிட்டு, நம் மாவட்டத்திலேயே செண்டைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, சம்பளம் கொடுத்து, கையெழுத்து வாங்கி, புதிதாகப் பதியுங்கள். அதைச் செய்யாமல் ஐந்தாம் பத்தியில் கையெழுத்துப் போட்டால், ஒன்றரை லட்சத்தையும் தாண்டி நீங்கள் கொடுக்க வேண்டியிருக்கும்.

காசு கொடுத்து வாங்கிய லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் ஆயத்த இசைத் துண்டு, வேறு. அதற்கு உரிமம் இருக்கும், அதன் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதே லூப்பை உலகத்தில் இன்னும் பலர் வாங்கியிருப்பார்கள் என்பதால் தவறான கோரிக்கை வருவதுண்டு. அப்போது அந்த ரசீதுதான் பேசும்.

பாடிய பெண்

2,000 கொடுத்துவிட்டதால் அவருக்கு இனி ஒன்றும் இல்லை என்று நினைக்கிறீர்கள். பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக ஒன்று உண்டு, 50 ஆண்டுக்கு. வணிகப் பயன்பாட்டில் ராயல்டி கேட்கவும் 2012 திருத்தம் வழி செய்திருக்கிறது. எழுத்து ஒப்புதல் வாங்குங்கள், சிறு சதவீதமாவது எழுதிவையுங்கள், பெயரைப் போடுங்கள். ஆசான் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

மாசம் என்ன வரும்?

நீங்கள் எழுதிய வரவுகளைக் கூட்டினேன். 12 மாதத்தில் 2,31,000 ரூபாய். இதில் உங்கள் சொந்தப் பாட்டுகள் ஸ்ட்ரீமிங்கில் கொண்டுவந்தது 3,900. மீதியெல்லாம் அடுத்தவர்களுக்குச் செய்த வேலை: கிறிஸ்துமஸ் பாட்டுகள், கோயில் கொடை விழாவுக்கு ஆடியோ, வெளிநாட்டில் இருப்பவர்கள் கல்யாணத்துக்குக் கேட்ட பாட்டு, பிரச்சாரப் பாட்டு. இதை வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். எதற்கு வெட்கம்? இதுதான் தொழில். சொந்தப் பாட்டு அதன் மேல் மெல்ல வளர வேண்டியது.

அந்த 3,900 ஏன் இவ்வளவு குறைவு என்பதற்குக் காரணம் பாட்டின் தரம் மட்டும் அல்ல. உங்கள் சேனலில் 860 பேர். யூடியூப் விளம்பரப் பங்குக்கு 1,000 சந்தாதாரரும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வை. ஆனால் உங்கள் பாட்டு ஒன்று இன்னொருவர் சேனலில் ‘நன்றி’ என்று போட்டு 2,30,000 பார்வை தாண்டியிருக்கிறது. நன்றியில் அரிசி வாங்க முடியாது. அவரிடம் பேசி, பங்கு அல்லது நீக்கம் என்று கேளுங்கள். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கணக்கே ஆரம்பிக்காது. உங்கள் பாட்டுகளில் ஏழு அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கின்றன. எனவே எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாமல், ஒவ்வொன்றாக விட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆள் சேருங்கள்.

இன்னொரு வாசலை நீங்கள் தட்டவே இல்லை. ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் 1969 முதல் இருக்கிறது, தலைமை மும்பையில். பாடலாசிரியர், இசையமைப்பாளர் பங்கு ராயல்டியை அவர்கள் வசூலிக்கிறார்கள். பாட்டைத் தளங்களில் ஏற்றித்தரும் டிஸ்ட்ரிபியூட்டர் உங்களுக்கு அனுப்புவது ஒலிப்பதிவின் பணம். படைத்தவரின் பணம் இந்த வழியாக வருவது. நீங்களும் வாத்தியாரும் தனித்தனியாக உறுப்பினர் ஆகி, ஒவ்வொரு பாட்டையும் பங்கு விவரத்தோடு பதியுங்கள். ஒவ்வொரு ஒலிப்பதிவையும் அடையாளம் காட்டும் ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணைக் குறித்துவையுங்கள், டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றினாலும் அதே எண் தொடர வேண்டும்.

பங்குத் திருவிழா விஷயத்தில் உங்கள் கோபத்துக்குச் சட்டத்தின் துணை இல்லை. உண்மையான மதச் சடங்கில் பாட்டைப் பாடுவதும் போடுவதும் மீறல் ஆகாது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டமும் அதில் அடக்கம். டிக்கெட் போட்ட கானமேளா என்கிற பாட்டுக் கச்சேரியோ ஹோட்டலோ அப்படி இல்லை, அங்கே உரிமம் வேண்டும். பங்கு மக்களுக்குப் பாட்டு பிடித்திருந்தால் அடுத்த திருவிழாப் பாட்டை உங்களிடம் செய்யச் சொல்லிப் போய்க் கேளுங்கள். சண்டை போட்டால் அதுவும் போகும்.

வரி பற்றி ஓரிரு வார்த்தை. ராயல்டியில் கம்பெனி 10 சதவீதம் பிடித்தால், கணக்குத் தாக்கல் செய்து சரிக்கட்டலாம். பான் எண் கொடுக்காவிட்டால் பிடித்தம் கூடும். யூடியூபில் வருமானம் ஆரம்பித்ததும் அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பிவிடுங்கள். வருடம் 20 லட்சம் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. கவலை வேண்டாம்.

வேலைக்குத் திரும்பலாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். போனால், நியமன உத்தரவில் வெளி வருமானம் பற்றியும், வேலைக்காலத்தில் உருவாக்குவது யாருக்குச் சொந்தம் என்பது பற்றியும் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துவிட்டுச் சேருங்கள். வேலையின் பகுதியாகச் செய்வதுதான் பொதுவாக முதலாளிக்குப் போகும், ராத்திரி மொட்டைமாடியில் போட்ட மெட்டு போகாது. ஆனால் சில உத்தரவுகள் அளவுக்கு மீறி எழுதப்பட்டிருக்கும்.

பெண் வீட்டாரிடம் அப்பா மாதக் கணக்கு சொல்ல வேண்டாம், வருடக் கணக்கு சொல்லட்டும். வருடம் 2,31,000, மாதத்துக்குச் சராசரி 19,250, கடன் 80,000 என்று உள்ளதைச் சொன்னால் போதும். மழை நாளில் ரப்பர் வெட்டு இல்லை, இலை உதிரும் காலத்தில் பாலே இல்லை. இருந்தும் அந்த மரங்களை நம்பித்தான் அவர் உங்களைப் பொறியியல் படிக்க வைத்தார். இந்தக் கணக்கு அவருக்குப் புரியும்.

இனி ஆசான். வில்லின் பழைய கதைகள் யாருடைய பதிப்புரிமையிலும் இல்லை. ஆனால் நடுவில் அவரே கட்டிப் பாடியதாக நீங்கள் சொல்லும் அடிகள் அவருடையவை, குரலும் அவருடையது. வில்லை அடிக்கும் வீசுகோலைக் கையில் பிடிக்காமல் தனக்குப் பாட வராது என்று சொல்லி வில்லையும் மாடிக்கு ஏற்றச் சொன்னதாகவும், அது அறைக்குள் கொள்ளாமல் ஒரு முனை வாசலுக்கு வெளியே மழைச் சாரலில் நின்றதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு அவருக்குக் கொடுத்தது வண்டிச் செலவும் ஒரு வேட்டியும் மட்டும். சென்னைக்காரர்களுக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போங்கள். இரண்டு பாட்டையும் போட்டுக் காட்டுங்கள். பங்கு எவ்வளவு என்பதை நீங்களே எழுதிக் கொண்டுபோய், வாசித்துக் காட்டி, அவர் மகனையோ மகளையோ சாட்சிக்கு வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு நகல் அவரிடம் இருக்கட்டும்.